பேக்கப் இருக்கிறது, ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா?

கேள்வி: கோவையில் ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக அப்ளிகேஷன் சப்போர்ட்டில் இருக்கிறேன். எஸ்க்யூஎல் ஓரளவு எழுத வரும். டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஆக வேண்டும் என்று ஆசை. வீடியோ பாடங்களை முடித்துவிட்டேன், ஆனால் ஆபீசில் நிஜ வேலை ஓடும் ப்ரொடக்‌ஷன் சர்வரைத் தொட விடமாட்டார்கள். இங்கே ஒன்பது பேர் சேர்ந்து போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குப் பயனர் குழு ஒன்று வைத்திருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசுவார், கேட்டுவிட்டுக் கலைந்துவிடுவோம். இப்படிப் போனால் வேலை கற்றுக்கொள்ள முடியுமா? என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான் இருக்கிறது. சர்டிஃபிகேட் வாங்கினால் போதுமா?

பதில்:

ஒன்பது பேர் தவறாமல் கூடுகிறீர்கள் என்பதே பெரிய விஷயம். அந்த நேரத்தை ஸ்லைடில் செலவழிக்காதீர்கள். டிபிஏ வேலையின் கடினமான பகுதி முழுவதும், டேட்டாபேஸ் உடைந்து கிடக்கும்போது பதற்றமில்லாமல் சரியான கமாண்டை அடிப்பதில் இருக்கிறது. தனியாகப் படிப்பவருக்கு அது வராது. தானே உடைத்ததைத் தானே சரிசெய்யும்போது எங்கே உடைத்தோம் என்பது முன்பே தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாமல் உடைத்துத் தர இன்னொருவர் வேண்டும். பயனர் குழு தரக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.

எல்லோரும் ஒரே போஸ்ட்கிரெஸ் பதிப்பு, ஒரே லினக்ஸ் பதிப்பு என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் உபுண்டு 18.04, இன்னொருவர் 22.04 வைத்துக்கொண்டு இரண்டுக்கும் இடையே ரெப்ளிகேஷன் (ஒன்றின் டேட்டாவை மற்றதில் தொடர்ந்து நகலெடுப்பது) போட்டால், ஓடுவது போலவே தெரியும். ஆனால் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. பழைய விதிப்படி கட்டிய டெக்ஸ்ட் இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் அட்டவணை) புதிய விதியுள்ள மெஷின் படிக்கும்போது, டேபிளில் இருக்கும் வரிசையையே (row) இல்லை என்று சொல்லிவிடும். எரர் எதுவும் வராது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்கிரேட் செய்யும் நிறுவனங்களும் இதில்தான் மாட்டுகின்றன. அப்கிரேடுக்குப் பிறகு டெக்ஸ்ட் காலம்களின் (column) மேல் இருக்கும் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும். பழுதாகியிருக்கிறதா என்று பார்க்க ஆம்செக் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது.

8 ஜிபி ராம் தாராளமாகப் போதும். ஒரே லேப்டாப்பில், புது சர்வருக்கான டேட்டா டைரக்டரியை உருவாக்கும் இனிட்டிபி கமாண்டை இரண்டு தனி டைரக்டரிகளில் ஓட்டி, போர்ட் 5432-இல் ஒன்றும் 5433-இல் ஒன்றுமாக இரண்டு சர்வர்களை வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாவுக்கு, போஸ்ட்கிரெஸின் சோதனைக் கருவியான பிஜிபெஞ்ச் போதும். ஸ்கேல் 50 என்று கொடுத்தால் அக்கவுண்ட்ஸ் டேபிளில் 50 லட்சம் வரிசைகள், சுமார் 750 எம்பி அளவில் வந்துவிடும். உபுண்டு பேக்கேஜோடு தயாராக வரும் சர்வரையே (கிளஸ்டர்) பயன்படுத்துவதாக இருந்தால், அதன் கான்ஃபிக் ஃபைல்கள் டேட்டா டைரக்டரிக்குள் இல்லாமல் ஈடிசி டைரக்டரியின் கீழ் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. டேட்டா டைரக்டரியை நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் கருவி அவற்றை எடுக்காது. முழு பேக்கப் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மீட்கும் நாளில், யார் இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ ஃபைல் இல்லாமல் திணறுபவர்கள் நிறையப் பேர்.

கூட்டத்தை இப்படி நடத்துங்கள். ஒருவர் உடைப்பவர். என்ன செய்யப்போகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுவார். ஒருவர் மீட்பவர், கீபோர்டு அவர் கையில் மட்டும். மூன்றாமவர் எழுதுபவர். எத்தனை மணிக்கு என்ன அறிகுறி தெரிந்தது, எந்த கமாண்ட் அடிக்கப்பட்டது, அதற்கு என்ன பதில் வந்தது என்று வரிசையாகக் குறித்துக்கொள்வார். மற்ற ஆறு பேரும் முதல் இருபது நிமிடம் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ‘அந்த வியூவைப் பாருங்கள்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் மீட்பவர் ஒன்றும் கற்கமாட்டார். முடிந்த பிறகு மடித்த தாளையும் குறிப்பையும் சேர்த்து வாசியுங்கள். எந்த நிமிடத்தில் தவறான திசையில் போனோம் என்பது அப்போது தெரியும்.

முதல் மாதம், நேரம் குறித்து மீட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் நுணுக்கம் அதிகம் உள்ளது இதுதான். முதன்மை சர்வரான பிரைமரியில் ஆர்கைவ்_மோட் ஆன் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோட் போதாது. ஆர்கைவ்_கமாண்ட், வால் எனப்படும் மாற்றப்பதிவு ஃபைல்களை ஒரு தனி டைரக்டரிக்கு நகலெடுக்க வேண்டும். அங்கே அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால், மேலெழுதாமல் தோல்வி என்று திரும்பும்படி எழுதுங்கள். பிறகு பிஜி_பேஸ்பேக்கப் ஓட்டுங்கள். தொடங்கியதும் சில நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றலாம். செக்பாயிண்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதுவது) முடியக் காத்திருக்கிறது. புதியவர்கள் இங்கேதான் கன்ட்ரோல்-சி அடித்துவிடுவார்கள். அவசரமென்றால் செக்பாயிண்டை ஃபாஸ்ட் என்று கொடுங்கள்.

பேக்கப் முடிந்த பிறகு பிஜிபெஞ்சைச் சிறிது நேரம் ஓடவிட்டு, உடைப்பவர் வேர் (WHERE) நிபந்தனை இல்லாத ஒரு டெலீட்டையோ ட்ராப் டேபிளையோ அடிக்கட்டும். இப்போது மீட்பவர் அந்த நொடிக்குச் சற்று முந்தைய நிலைக்குப் போக வேண்டும். எப்போது நடந்தது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. லாக்_ஸ்டேட்மெண்ட் அமைப்பில் டிடிஎல் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகள்) என்று இருந்தால் ட்ராப் மட்டும்தான் சர்வரின் லாகில் (log) பதிவாகும், டெலீட் பதிவாகாது. அதற்கு மாட் (mod) என்று வைத்திருக்க வேண்டும், அல்லது வால் ஃபைலைப் படித்துக் காட்டும் பிஜி_வால்டம்ப் வைத்து கமிட் நேரத்தைத் தேட வேண்டும்.

அடுத்து, பேக்கப்பின் நகலை வேறு டைரக்டரியில் வைத்து, பெர்மிஷன் 0700 ஆக்கி, போர்ட்டை மாற்றி, ஆர்கைவ்_மோடை ஆஃப் செய்யுங்கள். ஆஃப் செய்யாவிட்டால், மீண்டெழுந்த நகலும் அதே ஆர்கைவ் டைரக்டரியில் எழுதத் தொடங்கிவிடும். ரீஸ்டோர்_கமாண்ட், ரெகவரி_டார்கெட்_டைம் இரண்டையும் கொடுத்து, ரெகவரி.சிக்னல் என்ற காலி ஃபைலை உருவாக்கிய பிறகே சர்வரைத் தொடங்க வேண்டும். அந்தக் காலி ஃபைலை மறந்தால் சர்வர் முறைப்பு எதுவும் காட்டாமல் எழுந்துவிடும், நீங்கள் கொடுத்த நேரத்தைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

நேரத்தை எழுதுவதில் நம் ஊருக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. சர்வர் லாக் யுடிசியில் இருக்கலாம், உங்கள் கைக்கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். சரி, ஐஎஸ்டி என்று போட்டுவிடலாம் என்று நினைத்தால், போஸ்ட்கிரெஸின் டீஃபால்ட் சுருக்கப் பட்டியலில் ஐஎஸ்டி என்பது இஸ்ரேல் நேரம், யுடிசியைவிட இரண்டு மணி நேரமே முன்னால். ஆகவே எப்போதும் +05:30 என்று எண்ணாகவே எழுதுங்கள். குறித்த நேரத்தைத் தாண்டி மீட்டுவிட்டால் பின்னோக்கிப் போக வழி கிடையாது, பேஸ் பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முன்னதாகவே நின்றுவிட்டால், பெரும்பாலும் கடைசி வால் ஃபைல் ஆர்கைவுக்குப் போயிருக்காது. ஒரு ஃபைல் 16 எம்பி, அது நிரம்பினால்தான் நகலாகும். பிரைமரி உயிரோடு இருந்தால் பிஜி_ஸ்விட்ச்_வால் அடித்துத் தள்ளிவிடுங்கள்.

மீட்பு குறித்த நேரத்தை எட்டியதும் சர்வர் படிக்க மட்டும் அனுமதித்து நிற்கும். அது பழுதில்லை, டீஃபால்ட்டே அப்படித்தான். டேபிள் இருக்கிறதா, வரிசைகள் சரியா என்று பார்த்த பிறகு பிஜி_வால்_ரீப்ளே_ரெஸ்யூம் கொடுத்தால் எழுதத் திறக்கும். இதை ஒன்பது பேரும் ஆளுக்கு ஒருமுறை செய்து முடிக்க மூன்று கூட்டங்கள் ஆகலாம். ஆகட்டும்.

இடையில் ஒரு கூட்டத்தை, மூலநிரல் சேமிப்புத் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் 2017 ஜனவரி 31 நிகழ்வை வாசிக்க ஒதுக்குங்கள். நகல் சர்வரான ரெப்ளிகாவின் டேட்டா டைரக்டரியை அழிப்பதாக நினைத்து பிரைமரியில் அழித்துவிட்டார்கள். சுமார் 300 ஜிபியில் சில ஜிபிதான் மிஞ்சியது. டேட்டாபேஸை ஃபைலாக எடுத்துவைக்கும் பிஜி_டம்ப் அன்றாடம் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் நம்பியிருந்தார்கள். ஆனால் சர்வர் 9.6, டம்ப் எடுத்த கருவியோ 9.2. பழைய பிஜி_டம்ப், தன்னைவிடப் புதிய சர்வரைத் தொட மறுத்து வெளியேறிவிடும். தோல்வியைச் சொல்லவேண்டிய மின்னஞ்சல்களும், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாரையும் சென்றடையவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்கின் அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. அந்த நிறுவனம் அத்தனையையும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது, அழித்தவர் பெயரைப் போடவில்லை. உங்கள் குழுவின் எழுதுபவரும் அதே முறையைப் பின்பற்றட்டும். ‘யார் செய்தது’ என்பதைவிட ‘அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்தது’ என்பதே பயன்படும். நாளை உங்களில் ஒருவர் ப்ரொடக்‌ஷனில் தவறு செய்யும்போது, அதை உடனே வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இந்தப் பழக்கத்திலிருந்துதான் வரும்.

பிஜி_டம்ப் பற்றி இரண்டே வார்த்தை. அது ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும், ரோல்களை (பயனர் கணக்குகள்) எடுக்காது. ரோல்களுக்கு பிஜி_டம்ப்ஆல் கமாண்டை குளோபல்ஸ்-ஒன்லி என்று தனியாக ஓட்ட வேண்டும். பிஜி_ரீஸ்டோர் வழியில் எரர் வந்தாலும் நிற்காமல் போகும், கடைசியில் இத்தனை எரர் புறக்கணிக்கப்பட்டன என்று ஒரே வரியில் சொல்லும். அந்த வரியைப் படியுங்கள். முடிந்ததும், டேபிள் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ‘ரீஸ்டோர் செய்த சர்வர் ஸ்லோவாக இருக்கிறது’ என்று மறுநாள் போன் வரும்.

இரண்டாவது பயிற்சியாக டிஸ்க்கை நிரப்புங்கள். 3 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலை ஃபைல்சிஸ்டமாக மவுண்ட் செய்து அதில் டேட்டா டைரக்டரியை வையுங்கள். உடைப்பவர் ஆர்கைவ்_கமாண்டை எப்போதும் தோற்கும்படி மாற்றிவிட்டு பிஜிபெஞ்சை ஓடவிடுவார். ஆர்கைவ் ஆகாத வால் ஃபைலை போஸ்ட்கிரெஸ் தூக்கிப்போடாது, குவித்துக்கொண்டே போகும். மேக்ஸ்_வால்_சைஸ் 1 ஜிபி என்று இருக்கிறதே என்று கேட்பார்கள். அது மீறக்கூடாத எல்லை இல்லை, செக்பாயிண்டுக்கான இலக்கு மட்டுமே. டிஸ்க் நிரம்பியதும் பேனிக் என்று லாகில் எழுதிவிட்டு சர்வர் விழும். இந்த இடத்தில் பதற்றத்தில் இருப்பவரின் கை பிஜி_வால் டைரக்டரிக்குப் போகும். அதிலிருந்து ஒரு ஃபைலைக்கூடக் கையால் அழிக்கக் கூடாது. க்ராஷ் ரெகவரிக்குத் தேவையான ஃபைல் அதில் ஒன்றாக இருந்தால் சர்வர் பிறகு எழவே எழாது. வால்யூமைப் பெரிதாக்குங்கள், அல்லது அதே ஃபைல்சிஸ்டத்தில் முன்கூட்டியே போட்டுவைத்த சில நூறு எம்பி வெற்று ஃபைலை அழித்து இடம் கொடுங்கள். சர்வரை எழுப்பி, ஆர்கைவ்_கமாண்டைச் சரிசெய்தால், குவிந்தவை நகலாகி அடுத்த செக்பாயிண்டில் தானே குறையும். பிஜி_ஸ்டாட்_ஆர்கைவர் வியூவில் கடைசித் தோல்வி நேரம் இருக்கிறது. தினமும் பார்க்கவேண்டிய வியூ அது.

டிஸ்க் நிரம்புவதற்கு இன்னொரு காரணம், யாரோ உருவாக்கிவிட்டு மறந்துபோன ரெப்ளிகேஷன் ஸ்லாட். ரெப்ளிகாவை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருக்கும், ஸ்லாட் மட்டும் வால் ஃபைல்களைப் பிடித்து வைத்திருக்கும். மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் டீஃபால்ட்டாக -1, அதாவது வரம்பே கிடையாது. இதையும் ஒருமுறை உடைப்பவர் தாளில் எழுதட்டும்.

மூன்றாவது, பூட்டுக்காக (lock) காத்திருக்கும் லாக் வரிசை. இதற்கு, கமாண்ட் அடிக்கும் பிஎஸ்க்யூஎல் ஜன்னல்கள் மூன்று போதும். முதல் ஜன்னலில் பிகின் போட்டு அக்கவுண்ட்ஸ் டேபிளில் ஒரு செலக்ட் அடித்துவிட்டு அப்படியே விடுங்கள். இரண்டாவதில் அதே டேபிளுக்கு ஆல்டர் டேபிள் மூலம் ஒரு காலம் (column) சேர்த்துப் பாருங்கள், அது காத்திருக்கும். மூன்றாவதில் சாதாரண செலக்ட். அதுவும் காத்திருக்கும். பலருக்கு நம்ப முடியாத இடம் இது. செலக்ட்டும் செலக்ட்டும் மோதாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆல்டர் கேட்கும் முழு லாக் வரிசையில் நிற்பதால், அதற்குப் பின்னால் வருகிற எல்லோரும் அதன் முதுகுக்குப் பின்னேதான் நிற்க வேண்டும். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் வைத்து வேரைத் தேடினால், முதல் ஜன்னல் ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் என்று பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் தெரியும். அதற்கு பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் பயன்படாது, ரத்து செய்ய அங்கே க்வெரியே ஓடவில்லை. பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட்தான் வேண்டும். லினக்ஸில் கில் -9 அடிப்பவர் இருந்தால் தடுத்துவிடுங்கள். ஒரு ப்ராசஸ் அப்படிச் செத்தால் போஸ்ட்கிரெஸ் எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு ரெகவரிக்குப் போகும். இனி ஆல்டர் அடிக்கும் முன் அந்த செஷனில் லாக்_டைம்அவுட் 2 நொடி என்று வைக்கும் பழக்கம் வரட்டும். கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளும், சிறிது நேரம் கழித்து மறுபடி முயலலாம்.

அழிந்த, மாறிய வரிசைகளின் பழைய பிரதிகளைத் (செத்த வரிசைகள்) தானாக அகற்றும் ஆட்டோவேக்யூமை அடுத்து வையுங்கள். டீஃபால்ட் விதிப்படி, டேபிளில் 20 சதவீதத்தோடு 50 வரிசைகள் கூடுதலாகச் செத்தால்தான் அது வேலையைத் தொடங்கும். 50 லட்சம் வரிசைகளுக்குப் பத்து லட்சம். பெரிய டேபிள்களுக்கு ஸ்கேல் ஃபேக்டரைத் தனியாகக் குறைக்க வேண்டும். ஏதாவது எழுதிவிட்டு கமிட் செய்யாமல் திறந்து கிடக்கும் ஒரு டிரான்ஸாக்‌ஷன் இருந்தால், அதற்குப் பிறகு செத்த வரிசைகளை வேக்யூம் ஓடினாலும் அகற்றாது. ஆட்டோவேக்யூமை ஆஃப் செய்யச் சொல்லும் அறிவுரை எங்கே கண்டாலும் தள்ளிவிடுங்கள்.

இனி கேள்வி கேட்பது. ஒன்பது பேருக்கும் விடை தெரியாதபோது உலகெங்கும் உள்ள போஸ்ட்கிரெஸ் பயனர்களிடம் கேட்பீர்கள், அவர்களில் மூலநிரலை எழுதியவர்களே பதில் சொல்வதும் உண்டு. ‘க்வெரி ஸ்லோ, என்ன செய்வது’ என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. செலக்ட் வெர்ஷன் தரும் முழு வரி, இண்டெக்ஸ்களோடு டேபிள் அமைப்பு, டீஃபால்ட்டிலிருந்து மாற்றிய அமைப்புகள், எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் பஃபர்ஸ் தந்த பிளான் இவற்றோடு, எவ்வளவு நேரம் ஆகும் என்று எதிர்பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் க்வெரியை உண்மையாகவே ஓட்டும். டெலீட்டுக்குப் போட்டால் வரிசைகள் போய்விடும், பிகின் போட்டு ரோல்பேக் செய்ய வேண்டும். இன்னொன்று, பிளானில் வேர் நிபந்தனையின் மதிப்புகள் அப்படியே இருக்கும். வாடிக்கையாளரின் போன் நம்பரோ ஆதார் எண்ணோ அதில் தெரிந்தால் மாற்றிவிட்டு அனுப்புங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த மனிதர் நம்பிக் கொடுத்த விவரம் அது. பலர் கேள்வியை இப்படி எழுதும்போதே பாதியில் விடையைக் கண்டுவிடுவார்கள். அதற்காகவே கூட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு கேள்வியை முழுமையாக எழுதி வாசிக்கட்டும்.

கிடைக்கும் பதில்களையும் அப்படியே ப்ரொடக்‌ஷனில் போடாதீர்கள். ஷேர்டு_பஃபர்ஸ் டீஃபால்ட் 128 எம்பி, ராமில் கால் பங்கு வைத்துத் தொடங்குவது நியாயமான ஆலோசனை. ஒர்க்_மெம் விஷயம் வேறு. டீஃபால்ட் 4 எம்பி, அதை 256 எம்பி ஆக்குங்கள் என்று யாராவது சொல்வார். அந்த அளவு ஒரு இணைப்புக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் க்வெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும் தனித்தனியாக அவ்வளவு எடுக்கலாம். 40 இணைப்புகள், ஆளுக்கு இரண்டு சார்ட் என்றால் 20 ஜிபி. ராம் தீர்ந்ததும் லினக்ஸ் ஒரு ப்ராசஸைக் கொல்லும், மேலே சொன்ன கில் -9 கதைதான் நடக்கும். ஒரு அமைப்பை மாற்றுங்கள், பிஜிபெஞ்ச் ஓட்டுங்கள், எண்ணைக் குறியுங்கள், பிறகு அடுத்தது.

சர்டிஃபிகேட் பற்றிக் கேட்டீர்கள். போஸ்ட்கிரெஸ் திட்டம் தானாக எந்தச் சான்றிதழும் தருவதில்லை, இருப்பவை நிறுவனங்கள் தருபவை. ரெஸ்யூமை வடிகட்டும் இடத்தில் உதவலாம், பணம் இருந்தால் வாங்குங்கள். இன்டர்வியூவில் விஷயம் தெரிந்தவர் எதிரே இருந்தால் ‘எவ்வளவு டேட்டா இழப்பைத் தாங்கலாம், எவ்வளவு நேரத்தில் எழுப்புவீர்கள்’ என்றுதான் கேட்பார். குழுவின் எழுதுபவர் சேர்த்த குறிப்புகளை கிட் (git) என்ற பதிப்புச் சேமிப்புக் கருவியில் போட்டு வையுங்கள். இத்தனை ஜிபியை இந்த மெஷினில் இத்தனை நிமிடத்தில் மீட்டோம், இந்த இடத்தில் தடுமாறினோம் என்று அளந்த எண்ணோடு சொல்பவரை எந்த இன்டர்வியூவிலும் எளிதில் விட்டுவிடமாட்டார்கள்.

ஆபீசைப் பொறுத்தவரை, ப்ரொடக்‌ஷன் அனுமதி கேட்காதீர்கள். தரமாட்டார்கள், தரக்கூடாது என்பதும் சரிதான். அதற்குப் பதிலாக மேனேஜரிடம் இதைக் கேளுங்கள்: ‘சார், வாரம் ஒருமுறை நேற்றைய பேக்கப்பை நம் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ளேயே தனி மெஷின் ஒன்றில் ரீஸ்டோர் செய்து, எவ்வளவு நேரம் ஆனது, முக்கியமான ஐந்து டேபிள்களின் வரிசை எண்ணிக்கை சரியா என்று ரிப்போர்ட் அனுப்பட்டுமா?’ இதைச் செய்ய ஆபீசில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை என்பதால் மறுக்கக் காரணம் குறைவு. டிபிஏ-வையும் காப்பியில் வைத்து எழுதுங்கள், ரீஸ்டோர் தோற்கும் வாரம் அவர்தான் முதலில் உங்கள் இருக்கைக்கு வருவார்.